நாள் குறிப்பதற்கு முன்

உடல் பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றிக் கலந்தாலோசிக்க எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஆபரேஷனை எந்தத் தேதியில் வைத்துக்கொள்ளலாம், டாக்டர்?" ஒருவருக்கு ஆவணியில் மகள் திருமணம் இருக்கும். இன்னொருவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருப்பார். வேறொருவர், இம்மாத இறுதிவரை கட்டணச் சலுகை என்று ஏதோவொரு விளம்பரத்தைப் பார்த்திருப்பார். நாங்கள் உடனே தேதி சொல்வதில்லை. "முதலில் ஆயத்தமாவோம், தேதி பிறகு வரட்டும்" என்கிறோம். சிலருடைய முகம் வாடிவிடுகிறது. சிலர் உடனே தேதி தரும் இடத்தைத் தேடிச் சென்றுவிடுகிறார்கள்.

அவர்களின் அவசரம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. பட்டினி கிடந்தும், நாள்தோறும் நடந்தும், பல வகைப் பொடிகளை வாங்கிக் குடித்தும் குறையாத எடையை ஆண்டுக்கணக்கில் சுமந்தவர், இன்னும் ஒரு நாள்கூடக் காத்திருக்க விரும்பாதது இயல்பே. ஆயினும் எங்கள் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சிகிச்சை அறுவை அரங்கில் தொடங்குவதில்லை. நோயாளியின் வீட்டில், அடுக்களையில், உறக்கத்தில், மனத்தில், ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. அந்த மாதங்களைக் காத்திருப்பு என்று எண்ணுவது பிழை. அவை சிகிச்சையின் முதற்பகுதி.

திருக்கோகர்ணத்தில் உள்ள எங்கள் மருத்துவமனையில் இவ்வறுவை செய்யப்படுவதில்லை. அதற்காக நோயாளிகள் திருச்சிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ செல்கிறார்கள். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இது செய்யப்படுகிறது. அறுவைக்காக அங்கே தங்குவது சில நாட்கள் மட்டுமே. அதற்கு முந்தைய மாதங்களிலும் பிந்தைய ஆண்டுகளிலும் அவர்களைப் பார்ப்பவர்கள் நாங்கள். நன்றாக ஆயத்தமாகிச் சென்றவருக்கும், அவசரமாகச் சென்றுவந்தவருக்கும் உள்ள வேறுபாடு எங்கள் கண்முன் நிற்கிறது. அதனால்தான் இதனை எழுதுகிறோம்.

யாருக்கு இந்த அறுவை?

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள். இவர்கள் அனைவருக்கும் அறுவை தேவையில்லை. உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் இருமடி ஆக்கி வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். 158 சென்டிமீட்டர் உயரமும் 95 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது 38. இக்குறியீட்டெண் 35-ஐ எட்டியவர்களுக்கு அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், நீரிழிவு போன்ற நோய்கள் இருந்தால் 30 முதலே கருதிப்பார்க்கலாம் என்றும், ஆசியர்களுக்கு இந்த வரம்பை 27.5 வரை தாழ்த்தலாம் என்றும் 2022-ல் அமெரிக்க, பன்னாட்டுப் பருமன் அறுவை மருத்துவர் சங்கங்கள் கூட்டாக அறிவித்தன. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்துவிடுவதே இத்தாழ்வான வரம்புக்குக் காரணம்.

இது அழகுக்கான சிகிச்சை அன்று. சுவீடனில் 1987-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருப்பதை 2007-ல் எடுத்துக்காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை பெரிதும் குறைகிறது; பின்னர் அதில் ஒரு பகுதி மெல்லத் திரும்புகிறது. எவ்வளவு திரும்பும் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் நம் கையில் இருப்பவை உணவுப் பழக்கம், உடலுழைப்பு, தொடர் பரிசோதனை ஆகியவை. இவை மூன்றையும் அறுவைக்கு மறுநாள் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

2024 ஏப்ரலில், சென்னைப் புறநகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவைக்காகச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. அச்செய்திக்குப் பின் எங்களிடம் வந்தவர்களில் சிலர் அறுவையே வேண்டாமென்று அஞ்சி விலகினார்கள். அந்த அச்சமும் மிகை. பல் பிடுங்குவதைப் போன்றதுதானே என்ற அலட்சியமும் மிகை. அனுபவம் மிக்க மையங்களில் அறுவையை ஒட்டிய இறப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் உள்ளது. அந்த ஒன்று தம் வீட்டில் நேராதிருக்க நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியவை நிறைய உண்டு.

உடலை ஆயத்தப்படுத்துதல்

முதலில் கல்லீரல். பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து அது வீங்கியிருக்கும். கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின்மேல் கூரை போலக் கவிந்து கிடக்கிறது. சிறு துளைகள் வழியே கருவிகளை நுழைத்து இரைப்பையைத் தொட வேண்டிய மருத்துவர், முதலில் இந்தக் கூரையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வீங்கிய கல்லீரல் எளிதில் கிழிந்து குருதி கசியும். ஆகவேதான் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மாவுச்சத்தும் கொழுப்பும் மிகக் குறைந்த, புரதம் நிறைந்த உணவு தரப்படுகிறது. இது தண்டனை உணவு அன்று. அறுவை மருத்துவரின் கைக்கு இடம் தரும் உணவு. "கடைசியாக ஒருமுறை" என்று அறுவைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிரியாணி விருந்து வைப்பவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

அடுத்தது சர்க்கரை. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையின் அளவு கட்டுக்குள் வராவிட்டால் புண் ஆறுவதும் தொற்றைத் தடுப்பதும் கடினம். அதேவேளை, உணவு குறையும் அந்த இரண்டு வாரங்களில் இன்சுலினையும் சில மாத்திரைகளையும் பழைய அளவிலேயே எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே மருத்துவர் சொற்படி நிறுத்த வேண்டும். எடை குறைக்கும் வாராந்திர ஊசிகள் 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் தன்மை உடையவை. அவற்றைப் போட்டுக்கொள்பவர் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதுவாயினும் மறைக்காதீர்கள். யாரும் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை.

மூன்றாவது உறக்கம். உரத்த குறட்டை, உறக்கத்திடையே மூச்சு நின்று திணறி எழுதல், பகலில் அமர்ந்தபடியே உறங்கிவிடுதல் ஆகியவை உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அறிகுறிகள். இதனை நோயாளி அறியமாட்டார். அருகில் உறங்கும் கணவரோ மனைவியோதான் அறிவார். மயக்க மருந்தின்போதும் அதற்கு அடுத்த இரவிலும் இந்நோய் உயிருக்கே இடையூறாகலாம். முன்கூட்டியே கண்டறிந்தால், முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவியைச் சில வாரங்கள் வீட்டில் பழகிக்கொண்டு பாதுகாப்பாகச் செல்லலாம்.

புகைபிடிப்பவர் அறுவைக்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் நிறுத்த வேண்டும், பின்னரும் தொடக்கூடாது. புகை, தையலிட்ட இடம் ஆறுவதைக் கெடுக்கும்; இரைப்பையில் புண் உண்டாக்கும். இரத்தச்சோகை, வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து ஆகியவற்றின் குறை, தைராய்டு, இதயம், இரைப்பை உள்நோக்கிப் பரிசோதனை ஆகிய அனைத்தும் முன்பே பார்க்கப்படவேண்டியவை. பருமனாக இருப்பவருக்குச் சத்துக் குறைவு இராது என்பது பொதுவான தவறான எண்ணம். எங்கள் நோயாளிகளில் பலருக்கு எடை மிகுதியாகவும் இரும்புச்சத்து குறைவாகவும் இருக்கின்றன.

நாள்தோறும் நடங்கள். முடியாதவர் நாற்காலியில் அமர்ந்தபடியே கால்களை நீட்டி மடக்குங்கள். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே வாங்கிப் பழகுங்கள். அறுவை முடிந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்வார்கள். கால் நரம்புகளில் குருதி உறைந்து நுரையீரலுக்குச் செல்லாமல் காப்பது அந்த நடைதான்.

மனத்தை ஆயத்தப்படுத்துதல்

மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று சொன்னவுடன் பலர் திடுக்கிடுகிறார்கள். "எனக்குப் பைத்தியமா?" என்று ஒரு பெரியவர் எங்களை நேரடியாகவே கேட்டார். அப்படியன்று. உணவு வயிற்றை நிரப்புவதற்கு மட்டும் உள்ளதாக இருந்திருந்தால் இவ்வறுவையே பலருக்குத் தேவைப்பட்டிராது. துயரத்தில் ஆறுதலாகவும், தனிமையில் துணையாகவும், களைப்பில் பரிசாகவும் உணவே நமக்கு இருந்திருக்கிறது. ஸ்லீவ் எனப்படும் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்படுகிறது. அதனைத் திரும்பப் பொருத்த முடியாது. பைபாஸ் முறையில் உணவு சேரும் பை மிகச் சிறியதாக்கப்பட்டுச் சிறுகுடலின் ஒரு பகுதி தவிர்க்கப்படுகிறது. வயிறு சிறிதாகிவிடும். துயரமும் தனிமையும் சிறிதாவதில்லை. அவற்றுக்கு வேறொரு துணையை முன்பே தேடிக்கொள்ள வேண்டும்.

ஆகவே சில கேள்விகளை நோயாளி தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பசிக்காகச் சாப்பிடுகிறேனா, மனக்கலக்கத்துக்காகவா? இரவில் எல்லோரும் உறங்கியபின் தனியாக எழுந்து சாப்பிடும் வழக்கம் எனக்கு உண்டா? மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்து இடையில் நிறுத்தினேனா? மது அருந்துகிறேனா? மதுவைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. குறிப்பாக பைபாஸுக்குப் பின் மது விரைவாகவும் மிகுதியாகவும் இரத்தத்தில் ஏறும். முன்பு அளவோடு இருந்தவர்கள்கூட அறுவைக்குப் பின் குடிக்கு அடிமையாகும் ஆபத்து உண்டு. அறுவைக்குப் பிந்தைய காலத்தில் சிலருக்கு மனச்சோர்வு கடுமையாவதும் மருத்துவம் அறிந்த ஒன்றே. முன்பே சொன்னால் முன்பே துணை நிற்கலாம்.

எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். எடை குறையும், தோல் தொங்கும். மூன்று முதல் ஆறு மாதங்களில் முடி கொட்டக்கூடும். பெரும்பாலும் பின்னர் வளர்ந்துவிடும். சர்க்கரை மாத்திரைகள் பலருக்குக் குறையலாம்; எல்லோருக்கும் நின்றுவிடாது. கசந்துபோன இல்லறத்தையோ கிடைக்காத வேலையையோ அறுவை தந்துவிடாது.

மனப் பயிற்சிக்கு எளிய வழி ஒத்திகை. இன்றிலிருந்தே சிறிய தட்டில் உண்ணுங்கள். ஒரு வேளை உணவுக்கு இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கூழாகும்வரை மெல்லுங்கள். உணவோடு நீர் குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். புரதத்தை முதலில் உண்ணுங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம் புரதம் தேவைப்படும். இரண்டு முட்டையில் 12 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், ஒரு கிண்ணம் சுண்டலில் 12 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் என்று கூட்டிப் பாருங்கள். ஓர் இட்லியில் இரண்டு கிராம்தான் உள்ளது என்பதும் அப்போது விளங்கும். அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இவற்றையெல்லாம் உண்ண இயலாது. நீராகாரத்தில் தொடங்கி, மசித்த உணவு, மென்மையான உணவு எனப் படிப்படியாகவே முன்னேற வேண்டும். இந்த ஒத்திகையை இரண்டு மாதம் செய்து பார்த்தவருக்கு அப்போது திகைப்பு இராது.

வீட்டையும் ஆயத்தப்படுத்துதல்

எங்கள் கருத்தில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இதுவே. நோயாளி குடும்பத்தலைவி என்றால் சமைப்பவரும் அவரே. தாம் கஞ்சித் தெளிவு குடிக்கும் நாட்களிலும் மற்ற நால்வருக்கு அவர் பூரி சுட வேண்டியிருக்கிறது. அறுவைக்குப் பின் ஒரு மாதமாவது அடுக்களைப் பொறுப்பை யார் ஏற்பார் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். "இன்னும் ஒரு வாய் சாப்பிடம்மா" என்ற அன்பை அந்த ஓராண்டுக்கு வேறு வடிவில் காட்டுங்கள். அவரோடு மாலையில் நடந்து செல்வதும் அன்புதான்.

தொலைந்த பொருள் கிடைக்க வேண்டி அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வது நம்மிடையே வழக்கம். பைபாஸ் செய்துகொண்டவர் அந்த வெல்லப் பிரசாதத்தை ஒரு துணுக்கு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நாவில் வைப்பதில் தவறில்லை. ஒரு கட்டியை உண்டால் சர்க்கரை சிறுகுடலுக்குள் விரைந்து இறங்கி, அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, தலைச்சுற்றல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும். திருவிழாவிலும் திருமண வீட்டிலும் உடன் இருப்பவர்கள் இதனை அறிந்திருந்தால் வற்புறுத்த மாட்டார்கள்.

செலவையும் கணக்கிடுங்கள். அறுவைக் கட்டணத்தோடு முடிவதில்லை. வைட்டமின், கால்சியம், தேவைப்படின் இரும்புச்சத்து ஆகியவை வாழ்நாள் முழுவதும் தொடரும். முதலாண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். குழந்தை வேண்டும் என்று விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் இதனைக் கணவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொள்ளலாமா என்று கேட்கும் பெண்கள் உண்டு. உடலைப் பற்றிய ஏச்சுப்பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு வந்த கேள்வி அது. நாங்கள் அதை மதிக்கிறோம். ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே கூரையின்கீழ் வாழும் ஒருவருக்காவது முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு இதைக் கற்பித்தவர் ஒரு நோயாளிதான். அறுவை முடிந்து வீடு திரும்பிய ஒரு பெண்மணிக்கு ஆறாவது வாரத்தில் வாந்தி தொடங்கியது. அறுவைக்குப் பின் இப்படித்தான் இருக்கும் என்று வீட்டார் எண்ணிப் பத்து நாட்கள் பொறுத்தார்கள். கால்கள் மரத்து, நடை தள்ளாடிய பிறகே அழைத்து வந்தார்கள். தொடர் வாந்தியால் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றிப்போயிருந்தது. ஊசி மருந்தால் தேறினார். ஆனால் பல மாதங்கள் கைத்தடியுடன்தான் நடந்தார். அவரை ஆயத்தப்படுத்தி அனுப்பியவர்கள் நாங்களே. எல்லா இரத்தப் பரிசோதனைகளையும் செய்திருந்தோம். வாந்தி இரண்டு நாள் நீடித்தால் உடனே வாருங்கள் என்ற ஒரு சொல்லை அவர் வீட்டாரிடம் சொல்லத் தவறியிருந்தோம். இப்போது வீட்டார் ஒருவர் உடன் வராமல் நாங்கள் ஆயத்தம் முடிந்ததாகக் கருதுவதில்லை.

ஆயத்தம் என்பது தேர்வு அன்று

இவ்வளவையும் படித்துவிட்டு, மருத்துவர்கள் தடை மேல் தடை போடுகிறார்கள் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்தில் நியாயம் உண்டு. அமெரிக்காவில் சில காப்பீட்டு நிறுவனங்கள், அறுவைக்கு முன் பல மாதங்கள் உணவுக் கட்டுப்பாட்டை நிரூபித்தால்தான் பணம் தருவோம் என்றன. எடையைத் தாமே குறைத்துக் காட்டச் சொல்லும் இக்கட்டாயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்றும், அது நோயாளிகளுக்கு அநீதி என்றும் அந்நாட்டுப் பருமன் அறுவை மருத்துவர் சங்கமே எதிர்த்தது. நாங்களும் அதனை ஏற்கிறோம். பருமன் ஒரு நோய். சோம்பலுக்கோ பேராசைக்கோ கிடைத்த தண்டனை அன்று. மரபும் சுரப்பிகளும் உறக்கமும் மருந்துகளும் சூழலும் சேர்ந்து உண்டாக்குவது. இத்துணை கிலோ குறைத்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. முன்பு எங்களில் சிலர் அப்படிப் பேசியதுண்டு, அது தவறு.

நாங்கள் கேட்பது வேறு. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும்; மூச்சுத் தடை கண்டறியப்படட்டும்; புகை நிற்கட்டும்; மனச்சுமைக்கு ஒரு காது கிடைக்கட்டும்; வீட்டில் ஒருவர் எல்லாவற்றையும் அறிந்துகொள்ளட்டும். இவற்றைச் சிலர் ஆறு வாரங்களில் முடிக்கிறார்கள். சிலருக்கு நான்கு மாதங்கள் ஆகின்றன. இருவரும் வெற்றி பெற்றவர்களே.

தேதி கேட்டு எங்களிடம் வரும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவை செய்யும் மருத்துவமனையில் கேட்கவேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்த முறை எனக்கு ஏற்றது, ஏன்? அறுவை மருத்துவர் இதனை எவ்வளவு காலமாகச் செய்துவருகிறார்? மயக்க மருத்துவர் என்னை முன்கூட்டியே பார்ப்பாரா? தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா? உணவியல் வல்லுநரும் மனநல ஆலோசகரும் குழுவில் உள்ளார்களா? நள்ளிரவில் காய்ச்சலோ, கடும் வயிற்றுவலியோ, இதயம் வேகமாகத் துடிப்பதோ நேர்ந்தால் யாரை அழைப்பது? புதுக்கோட்டையிலிருந்து வந்துபோகும் எனக்குத் தொடர் பரிசோதனையை உள்ளூரில் யார் பார்ப்பார்? பொறுமையாக விடை சொல்லும் இடத்தில் நம்பிக்கையோடு சேருங்கள். விடை சொல்லாமல் தேதியை மட்டும் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே விடை சொல்லிவிடுகிறோம்: நாங்கள் பார்ப்போம். உங்கள் வீட்டிலிருந்து ஒருவரையும், நீங்கள் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்ட பையையும் உடன் அழைத்து, எடுத்து வாருங்கள். தேதியைப் பற்றி அதன்பின் சேர்ந்து பேசுவோம்.